எல்லோரும் பார்த்த வயிறு

1. கீழ்பென்னாத்தூரில் பஸ் ஏறினேன். முன் இருக்கையில் ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள்.
2. குடல்வால் வெடித்து அந்தக் கணவருக்கு அவசரமாக வயிற்றில் ஆபரேஷன் நடந்திருந்தது. வீட்டுக்கு வந்த பிறகு தையலில் சீழ் வைத்துவிட்டது; டாக்டரிடம் காட்டப் போய்க்கொண்டிருந்தார்கள்.
3. எப்படி ஆச்சு என்று அவர்களுக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்த அம்மாள் கேட்டார். மனைவி சொன்னார்: "எங்க ஊர்ல இவரு வயித்த பாக்காதவங்க யாருமே இல்லக்கா."

"என்னம்மா சொல்ற?"

"பாக்க வர்றவங்க ரெண்டு ஆப்பிள குடுத்துட்டு, எங்க, காட்டுன்றாங்க. இவரும் கட்டப் பிரிச்சுக் காட்றாரு."

"கேட்டா எப்படி மாட்டேன்னு சொல்றது?" என்றார் கணவர்.

"இவரு பெரியப்பா வெரலால அமுக்கியே பாத்தாருக்கா. மாடு வாங்கப் போன மாதிரி. நல்லா கெட்டியாதான் இருக்குதுன்னு சர்டிபிகேட் வேற."

"கை கழுவினாரா?"

"கழுவினாரே, அமுக்கிட்டு வந்து சாப்பிட உக்காரும்போது."

அம்மாள் தலையில் அடித்துக்கொண்டார். "இந்தக் காலத்துலயும் இப்படியா?"

கணவர் மெதுவாகக் கேட்டார். "இன்னிக்கி தையலப் பிரிச்சுடுவாங்களா?"

"சீழ் ஜாஸ்தியா இருந்தா பிரிச்சு, புண்ண தொறந்தே வச்சுடுவோம்னு டாக்டர் சொன்னாரில்ல? அப்போ ஊரே வந்து உள்ள எட்டிப் பாக்கட்டும்."

கணவர் கட்டின் மேல் கையை வைத்து மூடிக்கொண்டார். அம்மாளுக்குப் பாவமாகிவிட்டது.

"பயப்படாத தம்பி, சரியாயிடும். எவ்ளோ நீளம்? லேசா தூக்கு, நான் தொட மாட்டேன்."

திருவண்ணாமலையில் நான் இறங்கும்போது கட்டின் ஒரு முனை பிரிந்திருந்தது. அம்மாள் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். சீழ் இன்னும் கசிந்துகொண்டிருந்தது.