அழகிரியின் தொட்டியில் திரும்பாத காற்று

முதலில் ஒரு திருத்தம். அதன் பின்னரே வணக்கம்.

கொள்ளிடக்கரை எண்ணெய் எஞ்சின் என் கணவர் வாங்கியது, அதனால்தான் அதைக் கழற்ற விடாமல் இந்தக் கைம்பெண் கண்ணீர் வடிக்கிறாள் என்று ஒரு வாரமாக ஸ்ரீரங்கம் முழுவதும் பேசுகிறார்கள். தவறு. என் கணவருக்கு அந்த எஞ்சினில் எந்தப் பக்கம் புகை வரும் என்றுகூடத் தெரியாது. தேர்ந்தெடுத்தவள் நான். கண்ணீரும் வடிக்கவில்லை, காரணம் கேட்கிறேன்.

என்னைச் சுருக்கமாக முடிக்கச் சொல்லி இருமுறை மணியைத் தொட்டுப் பார்த்துவிட்ட பாசனச் சங்கத் தலைவர் பெரியவர் அமிர்தசாமி அவர்களே! தோட்டத்து வரப்பிலிருந்து நேரே வந்து அமர்ந்திருக்கும் பெரியோர்களே! நம் வாழைத்தாரை வாங்கி விற்கும் ஜெகபர் அலி பாய் அவர்களே! இடுப்பில் பிள்ளையோடு நின்றபடி கேட்கும் தாய்மார்களே! முன்வரிசையில் என்னை முறைத்துக்கொண்டிருக்கும் தம்பி அழகிரி! அனைவருக்கும் என் வணக்கம்.

மின்கம்பம் இன்னும் நம் கரைக்கு வரவில்லை. கிணற்று நீரை இறைக்க இருப்பது ஓர் எண்ணெய் எஞ்சின். துவாக்குடியில் பட்டறை வைத்திருக்கும் அழகிரி, அதற்கு மாற்றாக ஒரே அளவுள்ள இரண்டு இரும்புத் தொட்டிகளைக் குழாயால் இணைத்து, நடுவே ஒரு வால்வும் சக்கரமும் பொருத்தியிருக்கிறார். முதல் தொட்டியில் அடைத்த காற்று இரண்டாவதற்குப் பாயும், சக்கரம் சுழலும், கிணற்று நீர் மேலே வரும். பிறகு அதே காற்று திரும்பிப் பாயும். மறுபடி நீர் வரும். எண்ணெயே வேண்டாமாம்! சென்ற மாதம் பன்னிரண்டு நிமிடம் ஓட்டிக் காட்டினார். மாலை போட்டீர்கள். தேங்காய் உடைத்தீர்கள். வரும் திங்கட்கிழமை எஞ்சினைக் கழற்றி, தொட்டிகளுக்கு ஈடாக அவரிடமே கொடுத்துவிடுவதென்று கை தூக்கினீர்கள். நாற்பத்திரண்டு குடும்பத்து வாழைக்கன்றுகள் பங்குனி வெயிலில் நிற்கின்றன. நான் கை தூக்கவில்லை.

அழகிரியின் வாதம் என்ன? தொட்டிகளைச் சுற்றித் தக்கையும் பஞ்சும் சாக்கும் கட்டியிருக்கிறது. வெப்பம் உள்ளே வராது, வெளியே போகாது. வெப்பம் கைமாறாவிட்டால் என்ட்ரோபி மாறாது. அது மாறாவிட்டால் நடந்ததைத் திரும்ப நடத்தலாம். புத்தகத்தில் இருக்கிறது என்கிறார். இருக்கிறது, தம்பி! கன்னிமாடப் பள்ளியில் சிஸ்டர் எனக்கும் அதைத்தான் கற்பித்தார்கள். ஆனால் அதே பக்கத்தில் ஒரு நிபந்தனையும் இருக்கிறது: ஒவ்வொரு கணமும் சமநிலை குலையாமல், மிக மிக மெதுவாக நடந்தால் மட்டும்! நிபந்தனையை விட்டுவிட்டு முடிவை மட்டும் எடுத்துக்கொள்வது படிப்பா?

யாரது, காத்தமுத்துவா? "எங்களுக்குப் புரியுற மாதிரி சொல்லுங்கம்மா" என்கிறீர்களா? சொல்கிறேன். தானாக நடந்துவிட்ட ஒன்று, தானாகத் திரும்ப முடியாமல் போகிறதே, அந்தத் திரும்பாமையை ஓர் எண்ணால் எழுதலாம். அந்த எண் கூடுவதைத்தான் என்ட்ரோபி கூடுகிறது என்கிறோம்.

வியாழக்கிழமை பஸ் ஏறித் துவாக்குடிக்குப் போனேன். பக்கத்துத் தோட்டத்து வெள்ளையம்மாளும் கூட வந்தாள்.

"தம்பி, ரெண்டாவது தொட்டியில இருக்கிற காத்தை உறிஞ்சி எடுத்துடுங்க. சக்கரத்தையும் கழட்டிட்டு, வால்வை மட்டும் திறங்க" என்றேன்.

"எதுக்குங்கம்மா?"

"திறங்க, சொல்றேன்."

திறந்தார். ஒரு சீறல், அவ்வளவுதான். காற்று இரண்டு தொட்டியிலும் பரவியது. அழுத்தம் பாதியாய் இறங்கி நின்றது. சற்றுப் பொறுத்துப் பார்த்தால், வெப்பமானி முன்பு காட்டியதையே காட்டியது.

"இப்ப அதைத் திரும்பிப் போகச் சொல்லுங்க."

"கொஞ்சம் பொறுங்கம்மா, போகும்."

பொறுத்தோம். டீ வந்தது, குடித்தோம். அழுத்தமானியின் முள் அசையவில்லை.

"ஏன் அழகிரி, உங்க காத்துக்கு வீட்டுக்குப் போற நெனப்பே இல்லியா?" என்றாள் வெள்ளையம்மாள்.

"இன்னிக்கு வெயில் சாஸ்திங்க" என்றார் அவர்.

சிரிக்காதீர்கள்! வெயில் உள்ளே நுழையாது என்று சொன்னவரும் அவரே.

வெப்பம் வெளியே போனதா? போகவில்லை. காற்று கசிந்ததா? கசியவில்லை. ஆற்றல் குறைந்ததா? அதுவும் இல்லை. பின் எது போயிற்று? திரும்பும் வழி போயிற்று! தக்கையைச் சுற்றினீர்கள், பஞ்சைச் சுற்றினீர்கள், சாக்கைச் சுற்றினீர்கள். நடந்ததை நடக்காததாக்க எதைச் சுற்றுவீர்கள்? வெப்பம் எட்டிப் பார்க்காத தொட்டிக்குள்ளும் என்ட்ரோபி பிறக்கும். மெல்ல நடத்தினால் மாறாது நிற்கும். முரட்டுத்தனமாய்த் திறந்தால் ஏறும். மூடிய அந்தத் தொட்டிக்குள் ஒருநாளும் இறங்காது. சக்கரத்தை மாட்டினாலோ, ஏற்றிய நீருக்கு ஈடாகக் காற்றின் ஆற்றலே குறையும்.

கடைசியில் காற்றை முதல் தொட்டிக்குத் திருப்ப அழகிரி கைப்பம்பை எடுத்து அடித்தார். சட்டை நனைந்தது. நாம் பார்த்த பன்னிரண்டு நிமிடமும் அப்படி முன்கூட்டியே அடைத்த காற்றுதான். அவர் ஏமாற்றுக்காரர் அல்லர், ஏமாந்தவர். அவரோடு சேர்ந்து நாற்பத்திரண்டு குடும்பமும் ஏமாற வேண்டுமா?

"உக்காருங்கம்மா" என்கிறது ஒரு குரல். உட்காருகிறேன், ஐயா. நான் உட்கார்ந்தால் எழுந்துகொள்வேன். வேர் காய்ந்து சாய்ந்த கன்று எழுமா? தாய்மார்களே, கிணறு நிறைய நீர் இருக்க, இறைக்க வழியின்றிக் குடம் குடமாய்ச் சுமக்கப்போவது யார்? கை தூக்கிய ஆண்களா, நீங்களா?

பொறுமையோடு கேட்ட உங்களுக்கும், மூன்றாம் முறை மணியைத் தொடாத தலைவருக்கும் நன்றி, வணக்கம். வெளியிலிருந்து எந்த உழைப்பும் இல்லாமல் அந்தக் காற்று ஒரே ஒரு முறையேனும் முதல் தொட்டிக்குத் திரும்பியதுண்டா? தலைவர் அவர்களே, உங்கள் கையெழுத்தும் அழகிரியின் கையெழுத்தும் இட்டு, ஞாயிற்றுக்கிழமைக்குள் எனக்கு எழுத்துமூலம் பதில் தாருங்கள்.