பிடியா, பிடுவா

நான் அஞ்சாவதோடு படிப்பை விட்டவள். எழுத்து கோணலாக வரும், கேட்டதில் பாதி மறந்தும் போகும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஓசூர் பஸ் ஸ்டாண்டில் ஜவளகிரி பஸ்ஸுக்காக உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் கபடி பனியன் போட்ட ஒரு பொண்ணும், அவளுடைய விளையாட்டு டீச்சரும். டீச்சருக்குத் திருநெல்வேலிப் பேச்சு.

“நீங்க சொன்னதத்தான் மிஸ் செஞ்சேன். அதுக்குப் போய் ரெண்டு மேட்ச்சா வெளிய உக்கார வெச்சிட்டீங்க” என்றது பொண்ணு.

“ஏட்டி, பிடி பிடின்னு தொண்ட கிழிய கத்துதேன். நீ பிடிச்ச கால விட்டுட்டு நிக்கே. அதுலதான நாம மூணாவது எடத்துக்கு எறங்குனோம்?”

“எங்க வீட்ல கன்னடம் மிஸ். பிடுன்னா விடுன்னு அர்த்தம். அந்தக் கூச்சல்ல எனக்குப் பிடுன்னுதான் கேட்டுச்சு.”

டீச்சர் அவள் பக்கம் திரும்பினார்.

“இத அன்னைக்கே சொல்லதுக்கு என்ன?”

“எங்க சொல்றது? தண்ணி பாட்டில் தூக்கப் போன்னுட்டீங்களே.”

“சரி, பிடிக்கதுக்கு உங்க பாஷையில என்ன?”

“ஹிடி.”

“இடி.”

“இடின்னா போய் இடிச்சிருவேன் மிஸ்.”

டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “நாளைக்குக் கிருஷ்ணகிரியில மொத ஏழு பேர்ல நீயும் எறங்குத. நான் வாயே தொறக்கல. நீயா பாத்துப் பிடிட்டி.”

பஸ் வந்தது, நான் ஏறிவிட்டேன். எனக்குக் கன்னடம் அரைகுறைதான். அந்த இரண்டு வார்த்தையும் சரிதானா என்று தெரிந்தவர்கள் யாராவது பார்த்துச் சொல்லுங்கள்.