மழையில்லாத நாளில் குடை

— ஓடற பிலிமை விளக்கு முன்னாடி நிறுத்தினா எரிஞ்சுடும்னு எனக்குச் சொல்லிக் கொடுத்ததே நீங்கதான். அப்புறம் எதுக்குப்பா நிறுத்தினீங்க?

— சொல்லிக் கொடுக்கிறவன் அதையே செய்யணும்னு சட்டம் இருக்கா? நீச்சல் தெரியாமலே உனக்கு நீச்சல் சொல்லிக் கொடுத்தவன் நான்.

— விளையாடாதீங்க. அரங்கம் நிறைய ஆளு. திரையில ஓட்டை விழற வரைக்கும் கையைக் கட்டிட்டு நின்னிருக்கீங்க.

— சனங்க கை தட்டினதைச் சொல்ல மாட்டேங்கிறியே. முன் வரிசைத் தாடிக்காரர் எழுந்து நின்னே தட்டினார். ஒரு பொம்பளை முகம், நடுவுல பழுப்பா ஒரு புள்ளி, அது பொங்கி விரிஞ்சு எல்லாத்தையும் தின்னுடுச்சு. நவீனக் கலைன்னு நினைச்சுட்டாங்க போல. இத்தனை வருஷமா இந்த மியூசியத்துல ஒழுங்கா படம் ஓட்டியிருக்கேன், ஒருத்தராவது தட்டியிருப்பாங்களா?

— மேனேஜர் கீழ கொதிச்சுட்டு இருக்கார். மோட்டார் மக்கர் பண்ணிடுச்சுன்னு சொல்லி வெச்சிருக்கேன். நீங்களும் அதையே சொல்லுங்க.

— மோட்டார் மேல பழி போடாதம்மா, பாவம். இந்த புரொஜக்டர் ரூம்ல ஒழுங்கா வேலை செய்யறது அது ஒண்ணுதான்.

— உக்காருங்க முதல்ல.

— உங்கம்மாவைப் பார்த்தேன்.

— அப்பா...

— படத்துல. பஸ் ஸ்டாப்புல நிக்கிறா.

— அம்மா போனதுக்கப்புறம் நீங்க எங்கதான் அவங்களைப் பாக்கல? பேங்க்ல யாரோ ஒரு அம்மா பின்னாடியே போய் நல்லாத் திட்டு வாங்கிட்டு வந்தீங்க.

— அது முதுகு. முதுகு யாருக்கு வேணும்னாலும் யாரோட மாதிரி வேணும்னாலும் இருக்கும். இது முகம். கையில பச்சைக் குடை. கிழிஞ்ச ஓரத்துல வெள்ளையா ஒரு ஒட்டு. பிலிம் ஒட்டற டேப்பால நானே ஒட்டிக் கொடுத்தது. உலகத்துல வேற எந்தக் கோமாளி குடைக்குப் பிலிம் டேப் ஒட்டுவான்?

— ஜாடையா இருந்திருக்கும்பா.

— தோள்ல பாட்டு வகுப்புப் பை. அப்போ வியாழக்கிழமை. வியாழக்கிழமையானா வாசல்ல நின்னு நான்தான் அந்தக் குடையை எடுத்து நீட்டுவேன். 'மறந்துடாதே, நீ பாடினா மழை கொட்டும்'னு. முறைச்சுட்டே வாங்கிட்டுப் போவா.

— தெரியும்பா. தெருவுக்கே கேக்கும்.

— பாட்டு டீச்சர் வீடு மார்க்கெட்டுக்குப் பின்னாடின்னுதானே சொல்லுவா? இது வேற எங்கயோ. நீளமா ஒரு சுவர், பெரிய இரும்பு கேட்டு. பக்கத்துல யாரோ நிக்கிறாங்க. குடை மறைக்குது. ஒரு கை மட்டும் தெரியுது. அந்தக் கையை இறுக்கிப் பிடிச்சுட்டு இவ சிரிக்கிறா.

— வழியில தெரிஞ்சவங்க யாராவது...

— தெரிஞ்சவங்க கையை அப்படிப் பிடிக்க மாட்டாங்கம்மா. இந்த வயசுல, செத்துப் போனவ மேல எனக்குப் பொறாமை வருது பாரு. வெக்கக்கேடு. யார் கைன்னு பார்க்கத்தான் நிறுத்தினேன். ஒரு நொடி போதும்னு நினைச்சேன். அப்புறம் கையைப் பார்க்கவே மறந்துட்டேன். அவளையே பார்த்துட்டு நின்னேனா, அவ கன்னத்துலதான் முதல்ல ஓட்டை விழுந்துச்சு.

— போதும்பா. தண்ணி குடிங்க.

— யார் கைம்மா அது?

— எனக்கென்ன தெரியும்? எனக்குக் கீழ வேலை கிடக்கு.

— உள்ள வரலாமா? நான்தான் அந்தப் படத்தை எடுத்த பாவி.

— வாங்கம்மா, வாங்க. அதைப் பொசுக்கின பாவி நான். இது என் மக. கண்காட்சியில உங்க போட்டோவெல்லாம் மாட்டினது இவதான்.

— இவங்களைத் தெரியாமலா? எங்கயோ பார்த்திருக்கேனேன்னு வந்த நாள்லேருந்து யோசிச்சுட்டிருக்கேன்.

— எனக்கு ரொம்பப் பொதுவான முகம்ங்க.

— அண்ணே, எரிஞ்சது நகல்தான். வெட்டி ஒட்டிக்கலாம், விடுங்க. நான் வந்தது வேற விஷயமா. மூணாவது அறையில ஒரு ஆணி மொட்டையா நிக்குது. கீழ பேர் அட்டை மட்டும் இருக்கு, 'மழையில்லாத நாளில் குடை'ன்னு. போட்டோவைக் காணோம்.

— கண்ணாடியில கீறல்ங்க. மாத்தறதுக்கு எடுத்து வெச்சிருக்கேன்.

— நேத்து நான் பார்க்கும்போது நல்லாத்தானேம்மா இருந்துச்சு?

— அந்தப் போட்டோவுல என்னம்மா இருக்கு?

— இன்னைக்கு எரிஞ்சாங்களே, அதே அம்மாதான் அண்ணே. குளிர்கால வெயில், வானத்துல ஒரு பொட்டு மேகம் கிடையாது. அத்தனை பேரும் சும்மா நிக்கிறாங்க, இந்தம்மா மட்டும் குடையை விரிச்சுப் பிடிச்சிருக்காங்க. அதுவும் தலைக்கு மேல இல்ல, பக்கவாட்டுல சாய்ச்சு. அப்படி ஒரு சிரிப்பு வேற. என்னடா இதுன்னு படமும் எடுத்தேன், அந்தப் பக்கம் போய்ப் போட்டோவும் எடுத்தேன்.

— அந்தப் பக்கம் போனா, கூட இருந்தவங்க முகம் தெரியுமே?

— நல்லாவே தெரியும்.

— எந்த ஸ்டாப்பும்மா அது?

— புற்றுநோய் ஆஸ்பத்திரி வாசல். போன வருஷத்துக்கு முந்தின குளிர்காலம் பூரா அந்த ஒரு ஸ்டாப்புலதான் நின்னு எடுத்தேன். ஏன் அண்ணே?

— ஒண்ணுமில்லம்மா. அந்தக் குடைக்கு ஒட்டுப் போட்டவன் நான். கைவேலை எடுப்பா விழுந்திருக்கான்னு விசாரிச்சேன்.

— அப்படின்னா அந்தம்மா உங்க... ஐயோ. நான் பாட்டுக்கு எரிஞ்சாங்க அது இதுன்னு... நான் கீழ இருக்கேன் அண்ணே. அந்தப் போட்டோ எப்பவோ மாட்டட்டும், மாட்டாமலே போகட்டும்.

— கதவைச் சாத்திட்டுப் போங்கம்மா. புகை வெளிய போகுது.

— அப்பா, மேனேஜர் வந்துடுவார், நான் போய்...

— நில்லு. ஆணி அடிச்சது நீ. போட்டோவைக் கழட்டினதும் நீ.

— கண்ணாடி...

— சரியாப் போச்சு. கண்ணாடியை விடு. குளிர்காலத்துல ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கிறா. அதுக்கப்புறம் வந்த கோடையிலதான் நமக்கு விஷயமே தெரியும், தெரிஞ்ச ஒரு வாரத்துல போயிட்டா. திடீர்னு வந்த வியாதின்னு நீ சொன்ன, உன் சித்தி சொன்னா. துக்கம் கேக்க வந்தவங்ககிட்டெல்லாம் நானும் கிளிப்பிள்ளை மாதிரி திடீர்னு, திடீர்னுன்னு ஒப்பிச்சேன். இப்போ நேரா கேக்கறேன். சிரிக்காம கேக்கறேன், பார்த்துக்க. உங்கம்மா வியாழக்கிழமை எங்க போனா?

— காலையில நீங்க அந்த அறை வழியாத்தான் வருவீங்கன்னு கழட்டினேன்பா. ஸ்டோர்ல சுவர் பக்கமா திருப்பி வெச்சிருக்கேன். ரீல்லயும் இருக்கும்னு எனக்குத் தோணவே இல்ல.

— நான் கேட்டது அதை இல்ல.

— பாட்டு டீச்சர்னு யாருமே இல்லப்பா. வகுப்பும் இல்ல. வியாழக்கிழமை ஆஸ்பத்திரி. முதல் நாள்லேருந்து நான்தான் கூட்டிட்டுப் போனேன். நீங்க பார்த்தது என் கை.

— வருஷம் பூரா போயும் சுருதி சேரலையேன்னு கிண்டல் பண்ணினேனேம்மா.

— ஆமா.

— துவண்டு போய் வருவா. 'நீ பாட்டைப் பாடினியா, பாட்டு உன்னைப் பாடுச்சா'ன்னு கேப்பேன். சோபாவுல படுத்தபடியே சிரிப்பா.

— பாத்ரூம்ல ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் பாடுவாங்களே, அது நான் சொல்லிக் கொடுத்தது. உங்களுக்குச் சந்தேகம் வரக்கூடாதுன்னு. எனக்கே சுருதி வராது.

— அதான் அவ்வளவு கேவலமா இருந்துச்சா.

— அதான்பா.

— என்கிட்ட ஏன் சொல்லல? கோமாளிகிட்ட சொல்லி என்ன ஆகப் போகுதுன்னா?

— சொல்லிடலாம்மா, சொல்லிடலாம்மான்னு நான் கெஞ்சாத நாள் இல்ல. 'அவருக்குத் தெரிஞ்சா முகம் மாறிடும்டி. வீட்டுக்குள்ளயாவது ஆஸ்பத்திரி இல்லாம இருக்கட்டும்'னாங்க. கடைசி வரைக்கும் அதையேதான் சொன்னாங்க.

— அப்போ அந்தச் சிரிப்பு? ஆஸ்பத்திரி வாசல்ல நின்னுட்டு, மழையும் இல்லாம குடையை விரிச்சு வெச்சுட்டு, அப்படி என்ன சிரிப்பு? மழுப்பாம சொல்லு. நான் உக்காந்துட்டேன் பாரு.

— அன்னைக்குத்தான் டாக்டர் இனிமே எந்த மருந்தும் கேக்காது, வர வேண்டாம்னு சொன்னார்பா. ஸ்டாப்புல வந்து நின்னதும் எனக்கு அடக்க முடியல, தேம்பித் தேம்பி அழுதேன். எல்லாரும் பார்க்கறாங்கன்னு அம்மா குடையை விரிச்சு என் முகத்தை மறைச்சாங்க. மறைச்சுட்டு, என் கையைப் பிடிச்சுட்டு, 'உங்கப்பா சொன்னது சரியாப் போச்சுடி, நான் பாடினேன் பாரு, மழை கொட்டுது'ன்னாங்க.