ஆறுக்குப் பின் எட்டு

பழைய தாள்களை ஸ்கேன் செய்வதில் பாதி வேலை குண்டூசி பிடுங்குவதுதான். துருவேறிய ஊசி தாளோடு ஒட்டிக்கொள்ளும். அவசரப்பட்டால் மூலை கிழிந்து கையோடு வந்துவிடும். எனக்கு அந்தப் பொறுமை உண்டு.

வேலையை வெளி நிறுவனத்துக்குக் கொடுக்காமல் இல்லத்திலேயே செய்யலாம் என்று ஏன் எழுதிக் கொடுத்தாய் என்று கேட்கிறீர்கள். மேலாளர்தான் இரண்டையும் ஒப்பிட்டு எழுதச் சொன்னார். எங்கள் இல்லத்தில் குழந்தையை விட்டுப்போன தாய்மார்களின் கையெழுத்து அந்தக் கட்டுகளில் இருக்கிறது. அதை வண்டியில் ஏற்றி முன்பின் தெரியாதவர்கள் கையில் கொடுக்கலாமா என்று எழுதினேன். ஒரு வரிகூடப் பொய்யில்லை.

"வெளியாளு ரெண்டு மாசத்துல முடிச்சிடுவான். நீங்க ரெண்டு வருஷம் உருட்டுவீங்க," என்று மேலாளர் சிரித்தார்.

"உருட்டினாலும் நம்ம வீட்டுக்குள்ளயே உருளட்டும் சார்," என்றேன்.

எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. வெளி நிறுவனம் என்றால் கட்டு போகும்போதும் வரும்போதும் தாள்களை இரண்டு பேர் எண்ணிக் கையெழுத்திட வேண்டும். இங்கே ஊசி பிடுங்குவதும் நான், எண்ணுவதும் நான், ஸ்கேன் முடிந்த தாள்களைத் துண்டு துண்டாக்கும் அரவை இயந்திரத்தில் போடுவதும் நான்.

அந்தக் கட்டுகளில் என் அக்காவின் தாளும் இருந்தது. பத்தொன்பது வயதில் பெற்ற பெண் குழந்தையை அவள் இங்கேதான் விட்டாள். எனக்கு அப்போது பதினாறு. ஒருத்தியை வெளியே விட்டுப் பட்டது போதும் என்று அப்பா என் படிப்பை நிறுத்தினார். என்னைப் பார்க்க வந்தவர்கள் விஷயம் தெரிந்து வாசலோடு திரும்பினார்கள். அக்காவுக்கு மட்டும் தூரத்தில் கல்யாணம் ஆனது. நான் வீட்டிலேயே நரைத்தேன்; அப்பா போனபின்தான் இந்த இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்தேன்.

கணவர் போனபின் அவள் என்னிடமே திரும்பி வந்தாள், நோயோடு. வேறு பிள்ளை இல்லை. மகள் தேடி வந்தால்தான் தாய்க்குச் சொல்லலாம் என்பது இல்லத்தின் விதி. அதைச் சொன்னேன்.

"வருவாளாடி?"

"வந்தா உங்கிட்ட சொல்லாம இருப்பேனாக்கா?"

மழைக்காலத்தில் வந்தாள். முப்பத்திரண்டு வயது. நனைந்த குடையை வெளியிலேயே வைத்துவிட்டு, சேர்க்கை எண் எழுதிய துண்டுத்தாளை நீட்டினாள். அக்காவின் மோவாய். கோப்புகள் ஸ்கேனில் இருக்கின்றன, மூன்று வாரம் கழித்து வாருங்கள் என்றேன். அன்றே வரிசையை மாற்றி அந்தக் கட்டை எடுத்தேன். இருபத்து மூன்று தாள். கட்டின் எண்ணிக்கைச் சீட்டில் இருபத்திரண்டு என்று எழுதினேன். தாயின் பெயர் இருந்த தாளை மட்டும் ஸ்கேன் செய்யாமல் அரவையில் விட்டேன். ஒரு தாளுக்கு அதிக நேரம் ஆகாது.

மறுபடி வந்தபோது நகலைக் கொடுத்தேன். "இவ்வளவுதாம்மா இருக்கு." நன்றி சொல்லிவிட்டுப் போனாள். வீட்டில் புரட்டிப் பார்த்தபோதுதான் மூலையில் யாரோ அந்தக் காலத்தில் பென்சிலால் போட்ட பக்க எண்களைக் கவனித்திருக்கிறாள். ஆறுக்குப் பின் எட்டு. நான் பார்க்கத் தவறியது. கவனமான பெண். எங்கள் வீட்டுப் புத்தி.

அவள் உங்களிடம் புகார் கொடுத்த அன்று அக்கா போய்ப் பதினொரு நாள் ஆகியிருந்தது. கடைசி வாரம் முழுக்க "வந்தாளா?" என்று ஒரே கேள்வி. இல்லை என்று ஒவ்வொரு முறையும் முகம் கோணாமல் சொன்னேன். ஆம், எல்லாம் நான்தான் செய்தேன். ஆனால் இதையும் எழுதிக்கொள்ளுங்கள்: அக்காவைக் குளிப்பாட்டி, மருந்து கொடுத்து, கடைசி மூச்சுவரை கையைப் பிடித்திருந்தவள் நான். அவள் பெற்ற பெண்ணா வந்து பார்த்தாள்?