சாய்ந்த வாழையோடு ஒரு போட்டோ

கேரள எல்லையில், கோபாலபுரம் செக்போஸ்ட்டில் பொள்ளாச்சி பஸ் நின்றிருந்தபோது, முன் சீட்டுப் பெண் பக்கத்தில் இருந்த மூத்தவளிடம் சொன்ன பேச்சு என் காதைப் பிடித்து இழுத்தது.

“எங்க வாழை சாஞ்சதுக்கு அவரைப் போட்டோ புடிச்சாங்கக்கா. அவரு சிரிச்சுட்டாரு.”

“ஆரு அம்மிணி?”

“தோட்டத்துக்காரருங்க. பொள்ளாச்சியில இருக்கறாரு. நாங்க குத்தகைக்குத்தான் ஓட்டறோம். காத்துல சாஞ்ச வாழைக்குச் சர்க்கார் பணம் வருதுங்க. வரி ரசீது ஆரு பேர்ல இருக்குதோ அவருதான் போட்டோவுல நிக்கோணுமாமா.”

“குத்தகையை எழுதி வாங்கலியா?”

“நம்ம பக்கம் ஆருங்கக்கா எழுதித் தர்றாங்க? எழுதுனா நெலம் போயிருமோன்னு பயம். எல்லாம் வாய்ப்பேச்சுத்தான்.”

“அப்பறம், தோட்டத்துக்கு வந்தாரா?”

“வந்தாருங்க. நேராப் போயி பக்கத்துத் தோட்டத்துல நின்னுட்டாரு. அது தென்னந்தோப்புங்க. நாந்தான் கூட்டியாந்து வாழைக்குள்ள நிறுத்துனேன்.”

மூத்தவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். “பணம் அவரு பேங்குக்கு வந்துருச்சா?”

“வந்துருச்சுன்னு பயிர்ச் சேதம் எழுதுன கிருஷி ஆபீஸுல சொன்னாங்க. அவரு ஒண்ணும் சொல்லலீங்க. அதான் நேர்ல போறேன். அது கெடச்சாத்தான் மறுபடி கன்னு வெக்க முடியும்.”

டிக்கெட் போட வந்த கண்டக்டர், வழியில் கிடந்த வாழைத்தாரைப் பார்த்து நின்றார். “இது ஆருதுங்க?”

“என்னுதுதானுங்க,” என்றவள், மூத்தவள் பக்கம் திரும்பினாள். “சாயாம நின்னதே இந்த ஒரு தாருதானுங்கக்கா. அவரு ஊட்டுக்கு வெறுங்கையோட போயி எப்படிக் கேக்கறது?”