இமைக்கு இரண்டு விரல் பின்னால்

உங்கள் ரிப்பேர் படிவத்தில் இருப்பது என் அத்தானின் கையெழுத்து. கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். முன்பெல்லாம் முத்து முத்தாக எழுதுவார்.

அவர் எழுதியிருக்கும் பிரச்சினை சின்னதுதான். ஆளின் கண்ணிமையில் ஃபோகஸ் வைத்தால் இமை மங்கலாகிறது, இரண்டு விரல் பின்னால் இருக்கும் காதோர முடி கூர்மையாக விழுகிறது. லென்ஸில் கீறல் இல்லை. கேமரா ஒருநாளும் கீழே விழவில்லை. தானாக ஃபோகஸ் பண்ணச் சொன்னால் சரியாகவே பண்ணுகிறது. கையால் வளையத்தைத் திருப்பி, கண்ணால் பார்த்து வைத்தால் மட்டும் பின்னால் போய்விடுகிறது. இரண்டு வருடமாக அத்தானால் இதற்கு விடை கண்டுபிடிக்க முடியவில்லை.

நீங்கள் கேமராவின் மேலே இருக்கும் பிரிசக் கண்ணாடியைக் கழற்றி, ஃபோகஸ் திரையைத் தூக்கி, நாலே நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டீர்கள். திரை உட்காரும் நாலு மூலையிலும் இரண்டடுக்கு பேப்பர் டேப். "இதை யாரு சார் ஒட்டினது?" என்று கேட்டீர்கள். உரிப்பதற்கு முன் கொஞ்சம் பொறுங்கள், சொல்கிறேன். கண்ணாடிக் கதவுக்கு வெளியே கறுப்புக் கண்ணாடி போட்டு, மடியில் காலிப் பெட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தான் அத்தான். என் அக்காவின் கணவர். உள்ளே பேசுவது அங்கே கேட்காது. வந்ததும் நான் முதலில் கவனித்தது அதைத்தான்.

எங்கள் ஸ்டுடியோவில் எடுப்பது முகப் படங்கள். ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கிச் சுவரில் மாட்டுகிற படங்கள். அந்த அளவில் இமைமுடி ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிய வேண்டும். அத்தான் தானியங்கி ஃபோகஸைத் தொடவே மாட்டார். நூறு படம் எடுத்தால் தொண்ணூற்றாறில் இமை கூர்மையாக இருக்கும். எனக்கு எப்படித் தெரியும் என்றால், அந்த நூறையும் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்துக் கழிப்பதுதான் பதினாலு வருடம் என் வேலையாக இருந்தது. அவர் எடுப்பார், நான் கழிப்பேன். வருகிறவர்கள் அவர் கையைக் குலுக்குவார்கள். என்னிடம் கழிவறை எங்கே இருக்கிறது என்று கேட்பார்கள்.

இரண்டு வருடத்துக்கு முன் பழைய கேமராவின் உள்கண்ணாடி உடைந்தது, உதிரிபாகம் கிடைக்கவில்லை. புதிது வாங்க வேண்டும். மீடியம் ஃபார்மட் என்கிற பெரிய வகைக் கேமரா வாங்குவது கல்யாணம் பண்ணுவது போல. கேமராவை மட்டும் வாங்கிவிட முடியாது. அதன் லென்ஸ்களோடு காலம் முழுக்கக் குடித்தனம் நடத்த வேண்டும். ஒன்றின் லென்ஸ் இன்னொன்றில் ஏறாது. அதனால் விற்பனையாளர் இரண்டு எதிரெதிர் வகைகளை ஒரு மாதம் வைத்துப் பார்க்கக் கொடுத்தார். உள்கண்ணாடி உள்ள கனமான ஒன்று, உள்கண்ணாடியே இல்லாத லேசான ஒன்று. அத்தான் முதல் நாளே பெயர் வைத்துவிட்டார். கனமானது யானை, லேசானது பூனை.

உங்களுக்குத் தெரியாததில்லை, ஆனாலும் சொல்கிறேன். சொல்லச் சொல்லத்தான் எனக்கே இது அழகாகத் தெரியும். யானைக்குள் ஒளிக்கு மூன்று பாதை. லென்ஸ் வழியாக வரும் ஒளியை உள்கண்ணாடி மேலே திருப்பித் திரையில் விழச் செய்கிறது. கண் பார்ப்பது அதை. பொத்தானை அழுத்தினால் கண்ணாடி மடங்கிக்கொள்ளும், ஒளி நேராகப் பின்னால் போய் சென்சாரில் விழும். படம் ஆவது அது. மூன்றாவதாக, கொஞ்சம் ஒளி கீழே கசிந்து தானியங்கி ஃபோகஸுக்குப் போகும். மூன்று பாதையின் நீளமும் மயிரிழை பிசகாமல் ஒன்றாக இருந்தால்தான் கண் பார்த்தது படத்தில் வரும். திரையை மட்டும் ஒரு தாள் கனம் உயர்த்தினால், கண்ணுக்கு இமை கூர்மையாகத் தெரியும்போது சென்சாருக்குக் காதோரம்தான் கூர்மையாக இருக்கும். பூனைக்குள் பாதை ஒன்றே ஒன்று. சென்சார் பார்ப்பதையே கண்ணுக்கும் காட்டுகிறது. போதாததற்கு, எதிரில் இருப்பவரின் இமையை அதுவே தேடிப் பிடித்துக்கொள்ளும். யார் பொத்தானை அழுத்தினாலும் இமை விழும். அந்த 'யார்' என்பதில் நானும் அடக்கம்.

இதையெல்லாம் ஒருநாள் சாப்பாட்டு மேசையில் எடுத்துச் சொன்னேன். விற்பனையாளரும் இருந்தார்.

"ரெண்டுல எதுதாங்க நல்லது?" என்று அக்கா கேட்டாள்.

"யானை யானைதான். பாகன் சொன்னாத்தான் கேக்கும். பூனை எவன் பால் ஊத்தினாலும் பின்னாலயே வரும்" என்றார் அத்தான்.

"யானைக்கு ஒரு காலம் வந்தா பூனைக்கு ஒரு காலம் வரும் அத்தான்" என்றேன்.

"வரும்டா மாப்ளே, ஏன் வராது? நாள் பூரா எலியைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கிறவனுக்குப் பூனை ஞாபகம்தானே வரும்?"

கம்ப்யூட்டர் மவுஸைச் சொன்னார். நல்ல வேடிக்கைதான். விற்பனையாளருக்குப் புரையேறிவிட்டது. அக்காவும் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

மறுநாள் காலை டேப்பை ஒட்டினேன். கோபத்தில் செய்ததாக நினைக்க வேண்டாம். ஒரு பாதை தாள் அளவு பிசகினாலே யானை கவிழ்ந்துவிடும் என்பதை வாயால் சொல்லாமல் செய்து காட்ட நினைத்தேன். சாயங்காலம் எடுத்துக் காட்டி விளக்குவதாகத்தான் திட்டம். அன்று நூறு படம் எடுத்தார். பதினொன்றுதான் தேறியது. மானிட்டரில் ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிக் காட்டினேன். 'கேமரா சரியில்லை' என்று அவர் சொல்வதற்காகக் காத்திருந்தேன். அது ஒன்றைச் சொல்லியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும்.

அவர் நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். "மாப்ளே, என் கண்ணு போச்சுடா" என்றார்.

பதினாலு வருடத்தில் கேலி இல்லாமல் அவர் என்னிடம் பேசிய முதல் வாக்கியம் அது. இடது கண் அவருக்குச் சிறு வயதிலிருந்தே பலமில்லாதது. வலது கண்ணை வைத்துத்தான் எல்லாம். பூனையில் எடுத்த படங்கள் சரியாக இருந்தது அவருக்கு ஆறுதலாக இல்லை. "அது குருடனுக்குக் கொடுத்த கோலுடா" என்றார். அந்தத் தணிந்த குரல் எனக்குப் பிடித்திருந்தது. இன்னும் ஒரு நாள் கேட்கலாம் என்று தோன்றியது.

அவர் அறிவாளி, சும்மா நம்பிவிடவில்லை. அந்த வார இறுதியில் அவரே ஒரு சோதனை வைத்தார். யானையை முக்காலியில் ஏற்றி, அக்காவை விளக்கின் கீழ் உட்கார வைத்து, அவர் பத்து, நான் பத்து, இரண்டு பேரும் கண்ணால் பார்த்துக் கையால் வைப்பது. என்ன நடக்கும் என்று யோசித்து அதற்குள் பழகி வைத்திருந்தேன். திரையில் இமை கூர்மையானதும் வளையத்தை ஒரு நெல்லளவு கிட்டப் பக்கமாகத் திருப்ப வேண்டும், அவ்வளவுதான். அவருடைய பத்திலும் காதோரம். என்னுடைய பத்திலும் இமை.

"விடுங்க. வயசானா எல்லாருக்கும் வர்றதுதானே. தம்பி இருக்கான்ல" என்றாள் அக்கா.

அத்தான் வீட்டில் இருந்த அந்த யானையையே வாங்கினார். "யானை மேல குத்தமில்ல, பாகனைத்தான் சரி பண்ணணும்" என்றார். அப்போது டேப்பை எடுத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். எடுத்தால் அவர் கண் திரும்பி வந்துவிடும், யானையும் வீட்டிலேயே தங்கிவிடும். இரண்டு மாதம் தட்டுத் தடுமாறினால் தாமாகவே பூனைக்கு மாறுவார், அதற்குப் பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்பது என் கணக்கு. அவர் கண் மருத்துவமனைக்குப் போவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அழைத்துப் போனது நான்தான்; அக்காவுக்கு வண்டி ஓட்டத் தெரியாது.

அங்கே பலகையில் கடைசி வரி வரை படித்தார். டாக்டர் வெகுநேரம் பார்த்துவிட்டு, "ஆரம்பப் புரை. கடுகளவுதான் இருக்கு. உங்களுக்கு இருக்கிறதே இந்த ஒரு கண்ணு, இப்ப தொட வேண்டாம். ரெண்டு வருஷம் போகட்டும்" என்றார். அத்தான் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"நூத்துக்குத் தொண்ணூறு தப்பா விழுது டாக்டர். என்கிட்ட ஆதாரம் இருக்கு" என்று, அச்செடுத்துக் கொண்டுபோயிருந்த பட்டியலை மேசையில் வைத்தேன். தேதிவாரியாக, சுத்தமாகத் தயாரித்த பட்டியல். அதைப் பார்த்த பிறகும் டாக்டர் வேண்டாம் என்றுதான் சொன்னார். பட்டியலைப் பிடித்துக்கொண்டு அத்தான்தான் மூன்று முறை போய்க் கெஞ்சினார்.

அறுவைக்கு உள்ளே போகும்போது, "மாப்ளே, கட்டுப் பிரிச்சதும் யானை வழியாத்தான் உங்க அக்காவைப் பாப்பேன். பத்திரமா வச்சிரு" என்றார். இரண்டு மணி நேரம் காத்திருப்பு அறையில் யானை என் மடியில் இருந்தது. சட்டைப் பையில் இடுக்கியும் இருந்தது. அங்கேயே எடுத்துவிட்டால், அறுவையால் சரியானது என்று நினைத்துக்கொள்வார்; ஒருவருக்கும் சந்தேகம் வராது. யோசித்துப் பார்த்தேன். பிசகே இல்லாத யோசனை. ஆனால் அப்படியென்றால் மறுபடியும் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு. நான் அங்கே கிடந்த ஒரு பழைய வார இதழை எடுத்துப் படித்தேன்.

ஆயிரக்கணக்கானவர்களில் ஒருவருக்கு வரக்கூடிய தொற்று அவருக்கு வந்தது. டாக்டர் மீது தவறில்லை. வலது கண் போய்விட்டது. இடது கண்ணில் உருவம் மட்டும் தெரிகிறது, முகம் தெரியாது.

பூனையை வாங்கினேன். ஸ்டுடியோ நன்றாக நடக்கிறது. இப்போது என் கையைக் குலுக்குகிறார்கள். அத்தானை நான் ஒரு குறையும் இல்லாமல் பார்த்துக்கொள்கிறேன். மருந்து, நடைப்பயிற்சி, எல்லாம் வேளை தவறாமல். நான் இல்லாவிட்டால் அவர் நிலைமை என்ன என்று அக்காவே எல்லோரிடமும் சொல்கிறாள். யானை அலமாரியில் கிடந்தது. இனி அதை யார் தொடப் போகிறார்கள் என்று அப்படியே விட்டுவிட்டேன். அது என் அசட்டை.

போன வாரம் அக்கா மகள் விடுமுறையில் வந்தாள். வெளியூரில் நில அளவை அலுவலகத்தில் வேலை. அப்பாவைப் படம் எடுக்கிறேன் என்று யானையை இறக்கினாள். சின்ன வயதில் அவர் கற்றுக்கொடுத்தபடி கையாலேயே ஃபோகஸ் வைத்து முப்பது படம் எடுத்தாள். மானிட்டரில் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"அப்பா, உங்க வியாதி எனக்கும் ஒட்டிக்கிச்சுப்பா. இமை போச்சு, கிருதா மட்டும் சூப்பரா விழுந்திருக்கு."

அத்தான் சிரிக்கவில்லை. "எத்தனை விரல் பின்னால?"

"ரெண்டு இருக்கும்."

"எல்லாத்துலயுமா?"

"எல்லாத்துலயும்தான். ஏன்ப்பா?"

தன் இமையிலிருந்து காதோரம் வரை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு, "கண்ணு தப்பு பண்ணினா ஒரு தடவை முன்னால விழும், ஒரு தடவை பின்னால விழும். ஒரே தப்பைத் திரும்பத் திரும்ப அளந்து வச்ச மாதிரி பண்றது மெஷின்தாம்மா" என்றார். யானையைப் பெட்டியோடு கொண்டுவரச் சொல்லி மடியில் வைத்துக்கொண்டார்.

இந்த உண்மை என் பட்டியலில் முதல் நாளிலிருந்தே இருந்தது. தொண்ணூறும் பின்னால், தொண்ணூறும் அதே இரண்டு விரல். எனக்குத் தெரியும். அவர் அதைப் படித்துப் பார்க்கவில்லை, என்னை நம்பி மொத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டார்.

அன்றிலிருந்து பெட்டியை அவர் கீழே வைக்கவே இல்லை. தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் தூங்குகிறார். டேப்பை எடுக்க எனக்கு நாலு நிமிடம் கிடைக்கவில்லை. இங்கே வரும்போதும் மடியில்தான். வழியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"மாப்ளே, அன்னிக்கு நீ எடுத்த பத்தும் எப்படிடா சரியா விழுந்துச்சு?"

"தெரியல அத்தான்" என்றேன். இங்கே வந்ததும் கேமராவைத் தன் கையாலேயே எடுத்து உங்களிடம் கொடுத்தார்; பார்த்தீர்களே.

ஒட்டியது நான்தான். மறைக்க ஒன்றுமில்லை. நான் சோதித்தது கேமராவை, அவரை அல்ல. கேமராவைப் பற்றி நான் சொன்னது ஒவ்வொன்றும் சரி என்று நீங்களே இப்போது பார்க்கிறீர்கள். ரசீதில் 'திரை இடம் மாறியிருந்தது, சரிசெய்யப்பட்டது' என்று எழுதுங்கள். அது பொய்யில்லை. மீதியைப் பக்குவமாக நானே அவருக்கு விளக்கிக்கொள்வேன். விளக்குவதில் எனக்கு எப்போதும் பொறுமை உண்டு.

கதவுப் பக்கம் பார்க்காதீர்கள். அவர் எழுந்து வருகிறார். வரட்டும், வழி தடவி வருவதற்குக் கொஞ்ச நேரமாகும். வேலையை முடித்துவிடலாம். நாலு மூலையிலும் டேப்பை உரித்து எடுங்கள். பசையைத் துடையுங்கள். திரையை அதன் இடத்தில் உட்கார வைத்து, மேலே பிரிசத்தை மாட்டுங்கள். அவ்வளவுதான். கண் பார்க்கிற இடத்திலேயே இமை விழும்.