சுகந்தியின் பெயரில் ஒரு கட்டளை

கதிரையை விட்டு எழும்பினால் மின்விசிறியை நிறுத்திவிட்டுத்தான் போவேன். எதிலும் நான் ஒழுங்கானவன் என்றுதான் ஊர்காவற்றுறையில் சொல்வார்கள்.

எங்கள் கடற்றொழிலாளர் சங்கத்தில் ஒரு லினக்ஸ் கணினி இருக்கிறது. காற்று எச்சரிக்கை வந்தால் தொழிலுக்குப் போகிற எல்லாருடைய கைபேசிக்கும் அது செய்தி அனுப்பும். அதைப் பராமரிப்பது நான். மேரிசுகந்தி எனக்கு உதவியாளராக வந்தவள். முதல் நாளே அவளுக்குச் சொன்னேன்.

“நிர்வாகியாய் உள்ளுக்கை போய் இருந்துகொண்டு வேலை செய்யக்கூடாது. உமக்கு அனுமதிச்ச கட்டளைக்கு மட்டும் முன்னால சூடோ எண்டு அடிச்சு, உம்மட சொந்தக் கடவுச்சொல்லைக் குடும். ஆர் என்ன செய்தது எண்டு பேரோட பதிவாகும். பதிவு பொய் சொல்லாது.”

“பிழை விட்டாலும் பேர் விழுமோ அண்ணை?”

“ஓம். அதுக்குத்தானே.”

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறில் இந்த ஊரவர் கடலுக்குப் போவதில்லை, பூசைக்குப் போவார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். அதனால் செய்தி அனுப்பும் நிரலை நிறுத்திவிட்டுப் பழைய கோப்புகளைத் துப்புரவு செய்தேன். பூசை முடிந்து வந்த சுகந்தி இரண்டு புதிய தொலைபேசி எண்களைச் சேர்த்துவிட்டுப் போனாள். நண்பர்கள் கூப்பிட, நான் சாட்டிக் கடற்கரைக்குக் குளிக்கப் போய்விட்டேன். நிரலைத் திரும்ப இயக்கவில்லை. ஞாயிறு பின்னேரமே வலை போடப் போய்விடுவார்கள் என்பது வேலணையிலிருந்து வேலைக்கு வந்த எனக்குத் தெரியாது. கேட்டிருக்கலாம்.

ஆறு மணிக்கு எச்சரிக்கை வந்தது. ஒருவருக்கும் செய்தி போகவில்லை. மற்றவர்கள் வானத்தைப் பார்த்துத் திரும்பிவிட்டார்கள். சுகந்தியின் தமையன் றொமேஷ் திரும்பவில்லை. திங்கள் காலை படகு மட்டும் கரையொதுங்கியது.

சங்கத்தை முதலில் திறந்தவன் நான். பதிவில், நிறுத்தும் கட்டளைக்கு நேரே ‘சுதாகரன்’ என்று என் பெயர் இருந்தது. அதை மாற்ற நிர்வாகியாய் உள்ளே போகவேண்டும். போனேன். ஒரு பெயரை அழித்து இன்னொரு பெயரை எழுதினேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

தலைவர் பஸ்ரியாம்பிள்ளை அச்செடுத்த பதிவைப் படித்துவிட்டு அவளிடம் நீட்டினார்.

“நான் நம்பர் மட்டும்தானே போட்டனான்,” என்றாள். பிறகு தாளில் தன் பெயரை விரலால் தொட்டுப் பார்த்தாள். “பிழையாய் அடிச்சுப் போட்டன் போல.”

அவள் தாய் இன்றுவரை அவளோடு கதைப்பதில்லை. றொமேஷின் முப்பத்தோராம் நாள் மன்றாட்டுக்கு நானும் போயிருந்தேன். சுகந்திதான் எனக்குத் தேத்தண்ணி கொண்டுவந்தாள். குனிந்தபடி மெல்லக் கேட்டாள்.

“அண்ணை, நான்தானே நிப்பாட்டினனான்?”

“ஓம்,” என்றேன். தேத்தண்ணியையும் குடித்தேன்.

ஆனால் நான் முழுக்கக் கெட்டவன் இல்லை. மாற்றுவதற்கு முன் அந்தப் பதிவின் அசல் பிரதி ஒன்றைக் கணினியில் பத்திரமாக வைத்தேன். அவளுக்காகத்தான் வைத்தேன். அது நிர்வாகி மட்டுமே திறக்கக்கூடிய கோப்பு. நிர்வாகிக் கடவுச்சொல் எனக்கு மட்டும்தான் தெரியும்.